விஷம் தொடங்கி வைக்கும், குளுட்டமேட் முடித்து வைக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் நர்சிங், பார்மசி படிக்கும் பிள்ளைகளுக்கு மாலையில் மருந்தியல் பாடம் எடுக்கிறேன். நச்சுப் பொருள்கள் நரம்பு செல்லை எப்படிக் கொல்கின்றன என்ற பாடம் வந்துவிட்டால் வகுப்பு பாடத்திட்டத்துக்குள் நிற்காது. எண்ணூர்க் காற்று, காசிமேட்டு மீன், தள்ளுவண்டி ஃப்ரைடு ரைஸ் எல்லாம் உள்ளே வந்துவிடும். பிள்ளைகள் கேட்டவை, அவர்கள் வீட்டில் கேட்டு அனுப்பியவை என்று திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

குளுட்டமேட் என்பது விஷமா?

இல்லை. மூளையில் ஒரு நரம்பு செல் அடுத்த செல்லைத் தூண்டுவதற்கு மிக அதிகமாகப் பயன்படுத்தும் ரசாயனமே இதுதான். அமினோ அமில வகை. பருப்பில், பாலில், தக்காளியில், நம் உடம்புப் புரதத்தில் எல்லாம் இருப்பது.

கவனிக்க வேண்டியது அது எங்கே இருக்கிறது என்பதைத்தான். நரம்பு செல்லுக்கு உள்ளே குளுட்டமேட் ஏராளம். வெளியே இருக்கும் திரவத்தில் கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். செய்தி சொல்ல வேண்டிய நேரத்தில் சினாப்ஸ் (இரண்டு நரம்பு செல்கள் சந்திக்கும் இடம்) இடைவெளியில் கொஞ்சம் கொட்டும், ஒரு மில்லி விநாடி அளவில் வேலை முடிந்துவிடும், பக்கத்தில் நரம்பு செல்லுக்குத் துணையாக இருக்கும் ஆஸ்ட்ரோசைட் செல்கள் அதை உறிஞ்சி எடுத்துவிடும். கொட்டுவதும் உடனே துடைப்பதும் ஒழுங்காக நடக்கும்வரை எந்தப் பிரச்சினையும் இல்லை. துடைப்பது நின்றால்தான் இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கும் அத்தனையும் நடக்கும்.

ஏற்பிகள் எத்தனை வகை?

ஏற்பி என்பது செல் சவ்வில் குளுட்டமேட் வந்து ஒட்டும் புரதம். மூன்று வகை ஏற்பிகள் தாங்களே அயனி வாசல்கள்: ஆம்பா, கைனேட், என்எம்டிஏ. குளுட்டமேட் வந்து ஒட்டினால் வாசல் திறக்கும். நான்காவது ஒரு குடும்பம் உண்டு. அதற்கு வாசல் கிடையாது, செல்லுக்குள் வேதிச் செய்தி மட்டும் அனுப்பும். அதில் எட்டு உறுப்பினர்கள். ஒன்றும் ஐந்தும் பொதுவாகத் தூண்டிவிடும் பக்கம், மற்றவை பெரும்பாலும் அடக்கும் பக்கம். செல் சாவுக் கதையில் இந்தக் குடும்பத்துக்குத் துணை வேடம்தான், அதனால் இத்தோடு விடுகிறேன்.

முக்கியமானது என்எம்டிஏ. ஆம்பா ஏற்பி குளுட்டமேட் பட்டதும் திறந்து சோடியத்தை உள்ளே விட்டுவிடும். என்எம்டிஏ அவ்வளவு சுலபத்தில் திறக்காது. குளுட்டமேட் வேண்டும்; கூடவே கிளைசின் அல்லது டி-செரீன் வேண்டும். அதற்கு மேல், செல் ஏற்கெனவே ஓரளவு தூண்டப்பட்டிருக்க வேண்டும். ஏனென்றால் ஓய்வில் இருக்கும் செல்லில் ஒரு மெக்னீசியம் அயனி அந்த வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். செல்லின் மின்னழுத்தம் ஏறினால்தான் அது விலகும். விலகியதும் சோடியத்தோடு கால்சியமும் உள்ளே பாயும்.

நீங்கள் ஒரு போன் நம்பரை மனப்பாடம் செய்ய முடிவது இந்தக் கால்சியத்தால்தான். செல்லைக் கொல்வதும் இதே கால்சியம்தான்.

கால்சியம் உள்ளே போனால் செல் ஏன் சாக வேண்டும்?

செல்லுக்கு வெளியே இருக்கும் கால்சியம் உள்ளே இருப்பதைப்போல் சுமார் 10,000 மடங்கு. செல்லுக்குள் கால்சியம் கொஞ்சம் ஏறினாலே அது ஒரு கட்டளை மாதிரி. அளவாக, சிறிது நேரம் ஏறினால் நல்ல கட்டளை. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் ஒரே நேரத்தில் பல வேலைகள் கிளம்பிவிடும். கால்பெயின் என்ற நொதி செல்லின் எலும்புக்கூடு போன்ற புரதங்களை வெட்டும். பாஸ்போலிப்பேஸ் செல் சவ்வின் கொழுப்பை அரிக்கும். என்எம்டிஏ ஏற்பியோடு ஒட்டியே இருக்கும் நைட்ரிக் ஆக்சைடு நொதி வேலையைத் தொடங்கும். அந்த நைட்ரிக் ஆக்சைடு சூப்பர்ஆக்சைடோடு சேர்ந்து பெராக்சிநைட்ரைட் ஆகி டிஎன்ஏவைச் சேதப்படுத்தும். மைட்டோகாண்ட்ரியா தன்னால் முடிந்த கால்சியத்தை விழுங்கிப் பார்க்கும், கடைசியில் அதுவே உடையும். மைட்டோகாண்ட்ரியா போனால் செல்லின் எரிசக்தியான ஏடிபி போச்சு.

இதை நேரில் பார்க்கலாம். எலியின் மூளைப் புறணிச் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, அதன்மேல் ஐந்து நிமிடம் குளுட்டமேட் ஊற்றிக் கழுவிவிடுவார்கள். மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செல்லின் உடல் உப்பும். நேராக நீண்டிருந்த டென்ட்ரைட் கிளைகள் இடையிடையே புடைத்து, மணி கோத்தது மாதிரி ஆகும். கழுவிய பிறகு சில செல்கள் தேறிவிட்டதுபோலத் தெரியும். மறுநாள் காலையில் டிரிப்பான் நீலம் விட்டுப் பார்த்தால் பாதிக்கு மேல் நீலமாக நிற்கும். உயிருள்ள செல் அந்தச் சாயத்தை உள்ளே விடாது, செத்த செல் விடும். சுற்றியிருக்கும் ஆஸ்ட்ரோசைட்டுகள் மட்டும் ஒன்றும் ஆகாமல் இருக்கும்.

1987-இல் டென்னிஸ் சோய் இந்த இரண்டு கட்டத்தையும் பிரித்துக் காட்டினார். திரவத்தில் சோடியத்தை எடுத்துவிட்டால் உடனடி வீக்கம் வராது, ஆனால் மறுநாள் சாவு வரும். கால்சியத்தை எடுத்துவிட்டால் வீக்கம் வரும், ஆனால் பெரும்பாலான செல்கள் பிழைத்துக்கொள்ளும். வீங்க வைப்பது சோடியம், கொல்வது கால்சியம். பரீட்சைக்கு இந்த ஒரு வரியையாவது மறக்காதீர்கள்.

அடி பலமாக இருந்தால் செல் வெடித்துச் சிதறும், சுற்றிலும் அழற்சி வரும். அடி சுமாராக இருந்தால் மணிக்கணக்கில், நாள்கணக்கில் தன்னைத்தானே ஒழுங்காகக் கலைத்துக்கொள்ளும். ஒரே விஷத்துக்கு, மூளையின் ஒரே பகுதியில், இரண்டு விதச் சாவையும் பார்க்கலாம்.

இதை முதலில் கண்டுபிடித்தது யார்?

1957-இல் லூகாஸ், நியூஹவுஸ் என்ற இருவர் பிறந்த சுண்டெலிகளுக்குக் குளுட்டமேட் ஊசி போட்டபோது விழித்திரையின் உள்ளடுக்குச் செல்கள் அழிந்ததைப் பார்த்தார்கள். 1969-இல் அமெரிக்காவின் ஜான் ஓல்னி, அதே ஊசியால் ஹைப்போதலாமஸ் செல்களும் சாவதைக் காட்டினார். அளவுக்கு மீறித் தூண்டியே ஒரு செல்லைக் கொல்ல முடியும் என்ற கருத்துக்கு எக்சைட்டோடாக்சிசிட்டி என்று பெயர் கொடுத்தவரும் அவரே. அவர் பெயர் கீழே இன்னொரு இடத்தில் வேறு விதமாக வரும்.

அப்படியென்றால் அஜினோமோட்டோ போட்ட ஃப்ரைடு ரைஸ் மூளையைக் கெடுக்குமா சார்?

முதல் வகுப்பிலேயே வரும் கேள்வி. அஜினோமோட்டோ என்பது குளுட்டமேட்டின் சோடிய உப்புதான். ஓல்னியின் எலிக்குட்டிகளுக்குத் தோலுக்கடியில் ஊசியாகப் போட்டது, உடல் எடையில் ஒரு கிராமுக்கு 0.5 முதல் 4 மில்லிகிராம் வரை. 50 கிலோ ஆளுக்கு அந்தக் கணக்கைப் போட்டால் குறைந்தது 25 கிராம் அஜினோமோட்டோவை ஒரே தடவையில் ஊசியாக ஏற்ற வேண்டும். பீச் லைனில் அத்தோ சாப்பிடுகிறவர்கள் யாரும் அப்படிச் சாப்பிடுவதில்லை.

வாய் வழியாகப் போகும் குளுட்டமேட்டில் பெரும்பகுதியைக் குடல் செல்களே எரிபொருளாகச் செலவழித்துவிடும். மிச்சம் ரத்தத்துக்கு வந்தாலும், வளர்ந்த மூளைக்குள் அதை ரத்த-மூளைத் தடுப்பு எளிதில் விடாது. தாய்ப்பாலிலேயே தனிக் குளுட்டமேட் நிறைய உண்டு. அந்தத் தள்ளுவண்டி ஃப்ரைடு ரைஸில் கவலைப்பட வேண்டியது எண்ணெயைப் பற்றி, எத்தனையாவது தடவை காய்ந்த எண்ணெய் என்பதைப் பற்றி.

குளுட்டமேட் ஏற்பியிலேயே நேராகப் போய் உட்காரும் விஷம் ஏதாவது உண்டா?

உண்டு. நல்ல உதாரணம் டோமாயிக் அமிலம். 1987 நவம்பர், டிசம்பரில் கனடாவில் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் வளர்த்த சிப்பிகளைச் சாப்பிட்ட 100-க்கும் மேற்பட்டோருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் தலைவலி வந்தது. இதுவரை சாதாரண உணவு நஞ்சு மாதிரிதான். அப்புறம் சிலருக்கு வலிப்பு வந்தது, சிலர் கோமாவுக்குப் போனார்கள். வயதானவர்கள் சிலர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் சிலருக்குப் பழைய ஞாபகம் இருந்தது, புத்தி தெளிவாக இருந்தது, ஆனால் புதிதாக எதுவும் நினைவில் தங்கவில்லை. காலையில் சந்தித்த ஆளை மதியம் தெரியாது. இறந்தவர்களின் மூளையில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸும் அதை ஒட்டிய அமிக்டலாவும் அழிந்திருந்தன.

அந்தச் சிப்பிகள் வடிகட்டித் தின்ற ஒரு டயாட்டம் பாசி, சூடோ-நிட்ஷியா, டோமாயிக் அமிலத்தைத் தயாரிக்கும். அதன் மூலக்கூறு வடிவம் குளுட்டமேட்டைப் போலவே இருப்பதால் கைனேட் ஏற்பியிலும் ஆம்பா ஏற்பியிலும் ஒட்டிக்கொள்ளும். ஆஸ்ட்ரோசைட்டால் குளுட்டமேட்டைத் துடைப்பதுபோல் இதைத் துடைக்க முடியாது. வாசல் திறந்தபடியே நிற்கும். அந்தத் தூண்டலில் செல்கள் தங்கள் சொந்தக் குளுட்டமேட்டையும் கொட்டும். மெக்னீசியம் விலகும், என்எம்டிஏ திறக்கும், கால்சியம் உள்ளே வரும். அதாவது வெளியிலிருந்து வந்த விஷம் பாதி வேலைதான் செய்கிறது, மீதியை மூளையே செய்துகொள்கிறது.

வயதானவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும்தான் நினைவிழப்பு அதிகம் வந்தது. டோமாயிக் அமிலத்தை உடம்பிலிருந்து வெளியேற்றுவது சிறுநீரகம் என்பதே காரணம்.

கைனேட் ஏற்பிக்குப் பெயர் தந்த கைனிக் அமிலமும் கடல் சரக்குதான். டைஜீனியா என்ற சிவப்புப் பாசியிலிருந்து எடுத்தது. ஜப்பானில் அந்தப் பாசியைக் குடல் புழுவுக்கு மருந்தாகக் கொடுத்திருக்கிறார்கள். இன்று ஆய்வகங்களில் எலிக்கு வலிப்பு வரவைக்க அதே அமிலத்தைப் பயன்படுத்துகிறார்கள்.

காசிமேட்டில் வாங்கும் மட்டி, நெத்தியிலியில் அது இருக்குமா?

மீன் விற்கும் ஒரு அம்மா தன் பெண் மூலம் கேட்டு அனுப்பிய கேள்வி இது. கலிபோர்னியாக் கடலோரத்தில் நெத்தியிலி இனமே டோமாயிக் அமிலத்தைச் சுமந்து கடல் பறவைகளையும் கடல் சிங்கங்களையும் கொன்றிருக்கிறது என்பதால் கேள்வி நியாயமானது. ஆனால் அங்கே அது பாசி பெருகிய காலத்தில் நடந்தது, எல்லா நாளும் அல்ல. அந்த நாடுகளில் ஒரு கிலோ சிப்பிச் சதையில் 20 மில்லிகிராமைத் தாண்டினால் அறுவடையை நிறுத்திவிடுவார்கள்.

சமைத்தால் போய்விடும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். டோமாயிக் அமிலம் கொதித்தாலும் சிதையாது. கடல் நிறம் மாறியிருக்கும்போது, மீன்கள் செத்து மிதக்கும்போது, கழிமுகத்தில் எடுத்த மட்டியைத் தவிர்ப்பது நல்லது. நெத்தியிலியைத் தலையும் குடலும் கிள்ளிச் சமைப்பது நம் வழக்கம்தானே, அதை விடாதீர்கள். விஷம் பெரும்பாலும் குடலில்தான் இருக்கும்.

பேத்தை மீன் விஷமும் இதே வகையா?

இல்லை. அது டெட்ரோடோடாக்சின். சோடியம் வாசலை அடைத்து நரம்பை மரக்க வைக்கும், மூச்சுத் தசை நின்று ஆள் சாவார். குளுட்டமேட் ஏற்பிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கேசரிப் பருப்பு கால்களை முடக்கும் என்கிறார்களே?

உண்மைதான். வட, மத்திய இந்தியாவில் வறட்சிக் காலத்தில் மற்றப் பயிர்கள் காய்ந்துபோனாலும் கேசரி விளையும். அதையே மாதக்கணக்கில் முக்கிய உணவாகத் தின்றவர்களுக்கு இரண்டு கால்களும் விறைத்து, கத்திரிபோல் குறுக்கிட்டு, குதிகால் தரையில் படாமல் நடக்கும் நிலை வரும். போதமோ பேச்சோ கெடாது. வந்தது வந்ததுதான், திரும்பாது.

காரணமான பீட்டா-ஓடாப் என்ற அமினோ அமிலத்தை 1964-இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் ராவ், அடிகா, சர்மா மூவரும் பிரித்தெடுத்தார்கள். அது ஆம்பா ஏற்பியைத் தூண்டுகிறது. பெரும்பாலான ஆம்பா ஏற்பிகள் கால்சியத்தை உள்ளே விடாது. ஆனால் இயக்க நரம்பு செல்களில் கால்சியம் விடும் ரகம் ஒப்பளவில் அதிகம், அதனால் அடி அங்கே விழுகிறது என்பது நம்பத் தகுந்த விளக்கம். டோமாயிக் அமிலம் நினைவைத் தாக்கியது, இது காலைத் தாக்குகிறது. இரண்டும் ஒரே குடும்பத்து ஏற்பிகள் வழியாகத்தான் போகின்றன. எந்த விஷம் என்பதைவிட எந்தச் செல்லில் எந்த ஏற்பி என்பதுதான் நோயின் முகத்தைத் தீர்மானிக்கிறது.

துவரம்பருப்பிலும் கடலை மாவிலும் இதைக் கலப்படம் செய்வதுண்டு. எப்போதாவது ஒரு பஜ்ஜியில் போவதால் கால் விழாது. மாதக்கணக்கில், சாப்பாட்டின் பெரும்பகுதியாக இருந்தால்தான் ஆபத்து.

ஏற்பியைத் தொடாத விஷம்கூட குளுட்டமேட் வழியாகக் கொல்லும் என்று வகுப்பில் சொன்னீர்கள். அது எப்படி?

இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் தண்ணீர் அங்கே வந்துகொண்டேதான் இருக்கும். மோட்டார் ஓடும்வரை வண்டி போகும். கரண்ட் போய் மோட்டார் நின்றால், மழை முன்பைவிட ஒரு சொட்டுகூட அதிகம் பெய்யாவிட்டாலும் பாதை மூழ்கும். நரம்பு செல்லிலும் அப்படித்தான். சோடியம் எப்போதும் உள்ளே கசிந்துகொண்டே இருக்கும், சோடியம்-பொட்டாசியம் பம்ப் அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தப் பம்ப் ஓட ஏடிபி வேண்டும். உடல் எடையில் சுமார் 2 சதவீதமே இருக்கும் மூளை, உடம்பின் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தைச் செலவழிப்பதில் பெரும்பங்கு இந்த வேலைக்குத்தான்.

விஷம் மைட்டோகாண்ட்ரியாவை முடக்கினால் ஏடிபி குறையும், பம்ப் தளரும். செல்லின் மின்னழுத்தம் மெல்ல ஏறும். மெக்னீசியம் விலகிவிடும். இப்போது வழக்கமான, எந்தத் தீங்கும் செய்யாத அளவுக் குளுட்டமேட்டே செல்லைக் கொல்லப் போதும். இன்னொன்று, ஆஸ்ட்ரோசைட் குளுட்டமேட்டை உறிஞ்சுவதும் அதே சோடியம் ஏற்றத்தாழ்வை நம்பித்தான். ஆக அளவும் கூடும், தாங்கும் சக்தியும் குறையும்.

வட சீனாவில் குளிர்காலம் முழுக்கச் சேமித்துவைத்துப் பூஞ்சை பிடித்த கரும்பைத் தின்ற குழந்தைகள் கோமாவுக்குப் போனார்கள். பிழைத்தவர்களில் சிலருக்குக் கை கால்கள் முறுக்கிக்கொள்ளும் டிஸ்டோனியா வந்தது. பூஞ்சை தயாரித்த 3-நைட்ரோபுரோப்பியோனிக் அமிலம் மைட்டோகாண்ட்ரியாவில் ஏடிபி தயாரிக்கும் சங்கிலியின் இரண்டாம் தொகுதியை அடைக்கும். குளுட்டமேட் ஏற்பியை அது தொடுவதே இல்லை. இருந்தும், எலியில் மூளைப் புறணியிலிருந்து, அசைவைக் கட்டுப்படுத்தும் ஆழப் பகுதியான ஸ்ட்ரையேட்டத்துக்குக் குளுட்டமேட் கொண்டுவரும் இழைகளை முன்கூட்டியே நீக்கிவிட்டு அதே விஷத்தைக் கொடுத்தால் ஸ்ட்ரையேட்டச் செல்கள் தப்பிக்கின்றன. விஷம் வந்தது, மைட்டோகாண்ட்ரியா அடைபட்டது, ஆனால் குளுட்டமேட் வரவில்லை, செல் சாகவில்லை. எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை.

எம்பிடிபி கதை இதற்கு அண்ணன் தம்பி. 1982-இல் கலிபோர்னியாவில் கள்ளத்தனமாகத் தயாரித்த போதைப்பொருளைப் போட்டுக்கொண்ட இளைஞர்கள் சில நாளில் பார்கின்சன் நோயாளிகள்போல் உறைந்து போனார்கள். அதில் கலந்திருந்த எம்பிடிபி ஆஸ்ட்ரோசைட்டில் எம்பிபி-பிளஸ் ஆக மாறி, டோப்பமைன் செல்லுக்குள் மட்டும் நுழைந்து, அதே சங்கிலியின் முதலாம் தொகுதியை அடைக்கும். இங்கேயும் குளுட்டமேட்டுக்குப் பங்கு உண்டு. ஆனால் ஏற்பியை அடைக்கும் மருந்து காப்பாற்றியது என்று சில ஆய்வகங்களும், காப்பாற்றவில்லை என்று சிலவும் எழுதின. அதனால் இதை முதல் சாட்சியாக நான் வைப்பதில்லை.

பொங்கல் கரும்பு?

தாராளமாகத் தின்னலாம். உள்ளே சிவந்து, புளித்த வாடை அடிக்கும் பழைய கரும்பை மட்டும் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

பூச்சிமருந்து குடித்தவர்களுக்கு மூளை பாதிப்பு வருவது எதனால்?

ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதியை முடக்கும். அந்த நொதி சிதைக்க வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற இன்னொரு நரம்புச் செய்தி ரசாயனம் சிதையாமல் குவியும். பெரிய அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகள் இந்த நோயாளியைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுவிடுவார்கள். கண் பாப்பா குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருக்கும், வாயில் நுரையும் எச்சிலும் வழியும், சட்டை வேர்வையில் ஊறியிருக்கும், தொடைத் தசை தோலுக்கடியில் துடித்துக்கொண்டே இருக்கும். நர்ஸ் சில நிமிடத்துக்கு ஒருமுறை நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து, சளிச் சத்தம் குறைகிறதா என்று பார்த்துப் பார்த்து, அசிட்டைல்கோலினைத் தடுக்கும் அட்ரோப்பின் ஏற்றுவார்.

வலிப்பு தொடங்கிவிட்டால் ஆட்டம் வேறு. எலிகளில் சோமான் என்ற நரம்பு வாயுவை வைத்துச் செய்த ஆய்வுகளில், முதல் சில நிமிடம் வலிப்பை நடத்துவது அசிட்டைல்கோலின். சுமார் 40 நிமிடத்துக்குப் பிறகு வலிப்பு பெரும்பாலும் குளுட்டமேட்டின் கைக்குப் போய்விடுகிறது. அதற்குப் பிறகு அட்ரோப்பின் மட்டும் கொடுத்து வலிப்பை நிறுத்த முடியாது. அதனால்தான் டயாசிபாம் அல்லது மிடசோலாமைத் தாமதிக்காமல் கொடுக்கிறார்கள். தாமதித்தால் அவை ஒட்ட வேண்டிய, மூளையின் தூண்டலை அடக்கும் காபா ஏற்பிகளும் செல் சவ்விலிருந்து உள்ளே போய்விடும். விஷம் தொட்டது ஒரு நொதியை. மூளைச் செல்லைக் கொன்றது என்எம்டிஏ வழியாக வந்த கால்சியம்.

வீட்டில் யாராவது தவறுதலாகக் குடித்தாலோ மேலே கொட்டிக்கொண்டாலோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றாதீர்கள். துணியைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், உங்கள் கையையும் காப்பாற்றிக்கொள்ளுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், மருந்து பாட்டிலைக் கையோடு கொண்டுபோங்கள். டாக்டர் முதலில் கேட்பது அந்த லேபிளைத்தான். தெரிந்தே குடிக்கும் எண்ணத்தில் யாராவது இருப்பது தெரிந்தால் 14416 இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

2023-இல் எண்ணூரில் அமோனியா கசிந்ததே, அது மூளைச் செல்லைக் கொல்லுமா?

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடிக் குழாயிலிருந்து கசிந்தது. கண் எரிச்சல், தொண்டை எரிச்சல், மூச்சுத் திணறலோடு மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தார்கள். அமோனியா வாயு ஈரம் பட்ட இடத்தில் காரமாக மாறிப் புண்ணாக்கும். கண், மூக்கு, தொண்டை, நுரையீரல்தான் அதன் இலக்கு. ஆரோக்கியமான கல்லீரல் உள்ளவருக்கு, சுவாசித்த அமோனியா மூளை வரை சேர்ந்து இந்தப் பக்கத்தில் சொல்லும் சாவை உண்டாக்கும் என்று பயப்பட வேண்டாம். மூச்சுத் தொந்தரவு தொடர்ந்தால் நுரையீரல் டாக்டரைப் பாருங்கள்.

அமோனியாவும் குளுட்டமேட்டும் சந்திக்கும் இடம் வேறு: கல்லீரல் செயலிழப்பு. ரத்தத்தில் சேரும் அமோனியாவை ஆஸ்ட்ரோசைட் குளுட்டமேட்டோடு சேர்த்துக் குளுட்டமினாக மாற்றும், மாற்றி மாற்றி வீங்கிவிடும். மிக அதிக அமோனியா என்எம்டிஏ ஏற்பியையும் தட்டி எழுப்புகிறது. குடித்துக் கல்லீரல் கெட்டவர் பேச்சுக் குழறி, பகலில் தூங்கி இரவில் விழித்து, கை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு படபடப்பது இந்த வழியில்.

ஈயமும் அப்படித்தானா? எங்கள் தெருவில் பழைய பேட்டரி உடைக்கிறார்கள்.

ஈயம் கிட்டத்தட்ட நேர் எதிர். அது என்எம்டிஏ ஏற்பியை அடைக்கும். வளரும் மூளைக்கு அந்த ஏற்பி வழியாகக் கொஞ்சம் கால்சியம் வந்துகொண்டே இருந்தாக வேண்டும். பிறந்த எலிக்குட்டிகளில் அந்த ஏற்பியை மருந்தால் சில மணி நேரம் அடைத்தாலே ஏராளமான நரம்பு செல்கள் தானாகச் செத்துப்போவதை 1999-இல் காட்டினார்கள். குழந்தையின் ரத்தத்தில் ஈயம் ஏறினால் படிப்பு, கவனம், ஐக்யூ அடிவாங்குவதற்கு இந்த அடைப்பும் ஒரு காரணம். பாதுகாப்பான அளவு என்று ஒன்று ஈயத்துக்குக் கிடையாது.

பேட்டரிப் பட்டறையில் வேலை செய்கிறவர் வீட்டுக்கு வந்ததும் குழந்தையைத் தூக்காமல் முதலில் குளித்து உடை மாற்ற வேண்டும். வேலைத் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். குழந்தைக்கு ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்காமல் யாரும் பார்க்க மாட்டார்கள்.

மெத்தில் பாதரசம் மூன்றாவது வழி. அது ஆஸ்ட்ரோசைட்டின் உறிஞ்சும் வேலையைக் கெடுக்கிறது. குளுட்டமேட் வழக்கம்போல் வருகிறது, துடைக்க ஆளில்லை. ஜப்பானின் மினமாட்டாவில் பார்வையும் நடையும் போனவர்களின் மூளையில் நடந்தவற்றில் இதுவும் ஒன்று.

சரி சார், ஏற்பியை அடைத்துவிட்டால் எல்லா விஷத்துக்கும் மருந்து கிடைத்துவிடுமே?

அப்படித்தான் 1980-களில் உலகமே நினைத்தது. எம்கே-801 என்ற பொருள் என்எம்டிஏ வாசலை இறுக அடைக்கும். எலிகளைப் பக்கவாதத்திலிருந்தும் பல விஷங்களிலிருந்தும் அழகாகக் காப்பாற்றியது. அப்புறம் 1989-இல் அதே ஓல்னி, அந்த மருந்தே எலியின் மூளைப் புறணியில் சில செல்களுக்குள் குமிழ்களை உண்டாக்குகிறது என்று காட்டினார். ஏற்பியைத் திறந்தால் சாவு என்று சொன்னவரே, மூடினாலும் தொல்லை என்றார். 1990-களில் செல்ஃபோட்டல், ஆப்டிகனல் என்று பக்கவாத நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த அடைப்பான்கள் தோற்றன. மாயக்காட்சி, குழப்பம், ரத்த அழுத்த மாற்றம் என்று பக்கவிளைவுகள் ஒரு பக்கம். நோயாளி ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் குளுட்டமேட் அலை அடித்து முடிந்திருப்பது இன்னொரு பக்கம்.

என்எம்டிஏ ஏற்பிகளே எல்லாம் ஒன்று இல்லை என்பது 2002-இல் ஹார்டிங்காம், பேடிங் குழுவின் வேலையால் தெளிவானது. சினாப்ஸுக்குள் இருக்கும் ஏற்பி வழியாக வரும் கால்சியம், செல் பிழைக்க வேண்டிய மரபணுக்களை எழுப்புகிறது. சினாப்ஸுக்கு வெளியே இருக்கும் ஏற்பி வழியாக வருவது அந்த வழியையே அணைத்துச் சாவுக்குத் தள்ளுகிறது. குளுட்டமேட் வழிந்து வெளியே ஓடும்போதுதான் வெளி ஏற்பிகள் திறக்கும். மொத்தமாக அடைக்கும் மருந்து இந்த இரண்டையும் சேர்த்தே அடைத்துவிடுகிறது.

தேறிவந்தது மெமண்டைன். அது திறந்திருக்கும் வாசலில் மட்டும் உட்காரும், சீக்கிரம் எழுந்தும் போய்விடும். அதனால் சாதாரண வேலையை அதிகம் கெடுப்பதில்லை. அல்சைமர் நோய்க்கு ஐரோப்பாவில் 2002-லும் அமெரிக்காவில் 2003-லும் அனுமதி பெற்றது. குளுட்டமேட் வெளியேற்றத்தைக் குறைக்கும் ரிலுசோல், 1995 முதல் ஏஎல்எஸ் (இயக்க நரம்பு செல்கள் அழியும் நோய்) நோயாளிகளின் ஆயுளைச் சில மாதம் நீட்டிக்கிறது. ஆம்பாவை அடைக்கும் பெராம்பனல் வலிப்புக்கு. ஆபரேஷன் தியேட்டரில் பார்க்கும் கெட்டமைனும் என்எம்டிஏ அடைப்பானே. இவற்றில் எதுவும் விஷமுறிவு மருந்து இல்லை. விஷம் குடித்தவருக்கு இன்றும் மூச்சைக் காப்பதும், வலிப்பை உடனே நிறுத்துவதும், ஆக்சிஜனும் சர்க்கரையும் குறையாமல் பார்ப்பதுமே மூளையைக் காக்கும் சிகிச்சை. பம்ப் ஓட வேண்டும், அவ்வளவுதான்.

தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வருகிறதே, அதுவும் இதுதானா?

ஆமாம். மது என்எம்டிஏவை அடக்கும். வருஷக்கணக்கில் அடக்கினால் மூளை ஏற்பிகளை அதிகமாக்கி ஈடுகட்டிக்கொள்ளும். ஒரே நாளில் மதுவை நிறுத்தினால் அத்தனை ஏற்பிகளும் கட்டவிழ்ந்து நிற்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வருவது அதனால். குடியை விட நினைப்பவரை வீட்டில் பூட்டிவைக்காமல் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். அங்கே மருந்து கொடுத்துப் படிப்படியாக இறக்குவார்கள்.

மூளையைப் பாதுகாக்க மெமண்டைனை முன்கூட்டியே வாங்கிச் சாப்பிடலாமா?

வேண்டாம். பரீட்சைக்கு முந்தின வாரம் ஞாபக சக்திக்கென்று ஒரு பையன் இதைக் கேட்டான். மனப்பாடம் செய்ய வேலை செய்ய வேண்டிய ஏற்பியையே அடைக்கும் மாத்திரையைப் பரீட்சைக்குமுன் போடுவேன் என்கிறாய், யோசித்துப் பார் என்றேன். தூங்கு, சாப்பிடு, சந்தேகம் இருந்தால் ஆறு மணிக்கு வகுப்புக்கு வா என்று அனுப்பிவைத்தேன்.